பெட்ராவுக்கு நாமே கார் ஓட்டிப் போகலாம்: அரசர் நெடுஞ்சாலை வழி

[காட்சி: விடியற்காலை. மலைச்சரிவில் வளைந்து இறங்கும் தார்ச்சாலை]

வணக்கம். ஜோர்டானில் இருக்கும் பழங்கால நகரமான பெட்ராவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பாறையிலேயே குடைந்த பிரம்மாண்டமான முகப்பு. தலைநகர் அம்மானிலிருந்து பேருந்தில் மூன்று, நான்கு மணி நேரத்தில் போய், பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பி விடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது பாதி பெட்ராதான். மீதிப் பாதி வழியில் இருக்கிறது. அதற்காகத்தான் கார் எடுக்கச் சொல்கிறேன்.

[வரைபடம்: அம்மானிலிருந்து தெற்கே மூன்று கோடுகள்]

தெற்கே போக மூன்று சாலைகள். 15ஆம் எண் பாலைவன நெடுஞ்சாலை நேராக, வேகமாகப் போகும், லாரிகள் அதிகம். 65ஆம் எண் சாலை சாக்கடல் ஓரமாக, கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் கீழே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே, மலைமேல், 35ஆம் எண் சாலை. இதுதான் அரசர் நெடுஞ்சாலை. போகும்போது இதில் போங்கள். வரும்போது களைப்பாக இருக்கும். பாலைவனச் சாலையில் வந்துவிடலாம்.

ஏன் இந்தச் சாலை? பெட்ராவைக் கட்டிய நபாத்தியர்கள் வணிகர்கள். தெற்கு அரேபியாவிலிருந்து ஒட்டகங்களில் வந்த சாம்பிராணியும் வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசினும் அவர்கள் கை வழியாகத்தான் மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குப் போயின. பாறையைக் குடைந்த காசு அந்த வணிகத்தில் வந்த காசு. பொ.ஆ. 106இல் ரோமானியர்கள் இந்த நாட்டைத் தங்கள் பேரரசில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே பேரரசர் டிராஜன், பழைய வழித்தடத்தை ஒட்டி செங்கடல் வரை சாலை போட வைத்தார். இன்றைய 35ஆம் எண் சாலை பல இடங்களில் அதே தடத்தைப் பின்பற்றுகிறது. அதாவது, நீங்கள் டயரை உருட்டுவதே ஒரு தொல்லியல் தடத்தின் மேல்தான்.

[காட்சி: மதாபா தேவாலயத்தின் தரை, பிறகு கெராக் கோட்டை]

முதல் நிறுத்தம் மதாபா. அங்கே தேவாலயத் தரையில், 6ஆம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் பதித்த வரைபடம் இருக்கிறது. எருசலேமின் மதில்களும் தூண்கள் நிறைந்த தெருவும் அதில் தெரியும். அப்புறம் வாடி முஜிப் பள்ளத்தாக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் அடிவரை இறங்கி, மறுபக்கம் ஏற வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள், சூடேறிவிடும். கியரைக் குறைத்து இறங்குங்கள். அதைத் தாண்டினால் கெராக்கில் சிலுவைப்போர் காலத்துக் கோட்டை. நின்று நிதானமாகப் பார்த்தால் ஒரு பகல் முழுக்க ஆகிவிடும்.

[காட்சி: காரின் உள்ளே, ஓட்டுநரின் பார்வையில்]

இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு நேர்ச்சாலையில் சிரமம் இருக்காது. ரவுண்டானாவிலும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கத்துக்கே திரும்பும். பக்கத்தில் இருப்பவரை "வலது" என்று சொல்லச் சொல்லுங்கள். பெரிய விஷயம் வேகத்தடை. ஊருக்குள் நுழையும்போதெல்லாம், பல இடங்களில் பெயின்ட்டோ பலகையோ இல்லாமல், திடீரென்று வரும். ஆடுகளும் ஒட்டகங்களும் சாலையைக் கடக்கும். அதனால் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடிகள் உண்டு. வாடகைக் காரை எடுக்கும்போது ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

நாட்டுக்குள் இறங்கும் முன்பே ஜோர்டான் பாஸ் வாங்குவது நல்லது. குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசா கட்டணம் கிடையாது. பெட்ரா நுழைவும் அதில் அடக்கம். பெட்ராவை ஒரு நாள் பார்க்கும் பாஸ் 70 தினார், இரண்டு நாளுக்கு 75, மூன்று நாளுக்கு 80 என்று விற்கிறார்கள். வாங்கும்போது விலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து தினாருக்கு இன்னொரு நாள் கிடைக்கிறது, விடாதீர்கள். சுமார் 800 படிகள் ஏறிப் பார்க்க வேண்டிய, ‘மடாலயம்’ என்று அழைக்கப்படும் இன்னொரு பாறை முகப்புக்கே அரை நாள் போகும்.

[காட்சி: சிக், குறுகிய பாறைப் பிளவு]

காரை, பெட்ராவை ஒட்டிய வாடி மூசா ஊரில் விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கே உள்ளே போங்கள். சிக் என்கிற பாறைப் பிளவு 1.2 கிலோமீட்டர். சுவரோரம் நபாத்தியர்கள் வெட்டிய தண்ணீர் வாய்க்கால் கூடவே வரும். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் மட்டும் போகாதீர்கள். 1963இல் இதே பிளவில் திடீர் வெள்ளம் வந்து இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் இறந்தார்கள்.

எல்லோரும் பிளவின் முடிவில் இருக்கும், படங்களில் பார்க்கும் அல் கஸ்னே முகப்பைப் பார்க்க வேகமாக நடப்பார்கள். நீங்கள் பாதியில் சுவரைக் கவனியுங்கள். ஒட்டகக் கூட்டம் ஒன்றை அதில் செதுக்கியிருக்கிறார்கள். மேல்பாகம் தேய்ந்துபோய்விட்டது. ஒட்டகத்தின் கால்களும், அதை ஓட்டி வருகிறவரின் பாதங்களும் மட்டும் தெளிவாக இருக்கின்றன.