ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போனால் நகரத்தில் வாழும் உரிமை பறிபோகுமா?

ஒரே முதலாளியிடம் ஒருவர் பத்து ஆண்டுகள் வேலை செய்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பெடுத்து ஊருக்குப் போய்வருகிறார். அப்படிப் போய்வந்ததாலேயே அவருடைய பணிக்காலம் ஒவ்வோர் ஆண்டும் அறுந்துவிட்டது என்றும், அதனால் அவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவராகவே ஆகமாட்டார், நகரத்தில் வாழும் உரிமையும் அவருக்குக் கிடையாது என்றும் ஓர் அரசு, நீதிமன்றத்தில் வாதாடியது. வழக்கு தொடுத்தவர் மெஹ்லோலோ டாம் ரிக்கோட்டோ. இடம், மக்களை இனத்தால் பிரித்துவைத்த நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்கா; ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய ஜெர்மிஸ்டன் என்னும் தொழில் நகரம். 1983-இல் தீர்ப்பான இந்த ஒரு வழக்கைப் புரிந்துகொண்டால், அந்நாட்டு நகரங்கள் இன்றைக்கு ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து. ஆகவே வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்காதீர்கள்.

பின்னணியை விரைவாகக் கடந்துவிடுவோம். 1886-இல் தங்கம் கிடைத்தது, ஜோகனஸ்பர்க் பிறந்தது, சுரங்கங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ 7 சதவீத நிலத்தை மட்டுமே ஒதுக்கியது. 1936-இல் அது சுமார் 13 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நிலம் இல்லாதவர்கள் பிழைப்புக்கு நகரத்தை நோக்கித்தானே வருவார்கள்? அங்கேயும் ஒரு கதவு வைக்கப்பட்டது. வெள்ளையருக்கு ஊழியம் செய்யும் காலம்வரை மட்டுமே கறுப்பினத்தவர் நகரத்தில் இருக்கலாம், ஊழியம் முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும் என்ற கொள்கையை ஸ்டாலர்டு ஆணையம் 1922-இலேயே எழுத்தில் வைத்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் குடியிருக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இந்தக் கொள்கைக்குப் பல் முளைத்தது 1952-இல். நகர்ப்புறச் சட்டத்தின் பத்தாம் பிரிவு திருத்தப்பட்டது. அதன்படி, தகுதி இல்லாத கறுப்பினத்தவர் எவரும் ஒரு நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க முடியாது. தகுதி என்றால் என்ன? அந்த நகரத்திலேயே பிறந்து, பிறந்ததிலிருந்து அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது ஒரே முதலாளியிடம் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் வேலை செய்திருக்க வேண்டும். அல்லது பதினைந்து ஆண்டுகள் சட்டப்படி அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டத்தின் பெயரைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அனுமதிச் சீட்டுகளை ஒழிக்கும் சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு, பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு கறுப்பினத்தவரும் புகைப்படம், கைரேகை, முதலாளியின் மாதாந்திரக் கையொப்பம் ஆகியவை அடங்கிய ஒரு புத்தகத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. காவலர் கேட்கும்போது புத்தகம் கையில் இல்லையென்றால் கைதுதான். 1916 முதல் 1984 வரை இத்தகைய அனுமதிச் சீட்டுச் சட்டங்களின்கீழ் நடந்த கைதுகள் 1.7 கோடிக்கும் அதிகம்.

இனி ரிக்கோட்டோவிடம் வருவோம். பத்து ஆண்டுகள் உழைத்தால் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் லட்சக்கணக்கானோர் அந்தப் பத்தாண்டுகளை நிறைவு செய்துவிடுவார்களே என்ற கவலை அரசுக்கு வந்தது. சட்டத்தை மாற்றவில்லை. 1968-இல் ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் தொழிலாளி ஒவ்வோர் ஆண்டும் தன் இனக்குழுவுக்கென அரசு ஒதுக்கிய, ‘தாயகம்’ என்று பெயரிட்ட பகுதிக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்தில் புதிய ஒப்பந்தம் பதிந்துகொண்டுதான் மீண்டும் வேலைக்கு வர வேண்டும். அதே ஆலை, அதே இயந்திரம், அதே மேற்பார்வையாளர். ஆனால் காகிதத்தில் மட்டும் ஆண்டுதோறும் புதிய வேலை. பரமபதத்தில் ஒவ்வோர் ஏணியின் உச்சியிலும் ஒரு பாம்பை வரைந்துவைத்துவிட்டு, ஆட்டம் எல்லோருக்கும் பொதுவானதுதான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கட்டாயப்படுத்தி ஊருக்கு அனுப்பியவர்களும் அரசினர். நீ ஊருக்குப் போனாயே என்று கணக்கை அழித்தவர்களும் அவர்களே. துப்பாக்கிகளையும் புல்டோசர்களையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓர் எழுத்தரும் ஒரு ரப்பர் முத்திரையும் சேர்ந்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது எனக்கு அதைவிட அச்சமூட்டுகிறது.

லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பின் துணையோடு ரிக்கோட்டோ வழக்குத் தொடுத்தார். ஆண்டு விடுப்பால் பணித் தொடர்ச்சி முறியாது என்று 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு சும்மா இருந்ததா? இப்படி உரிமை பெற்றவர்களிலும் வீடு இருப்பவர் மட்டுமே மனைவி மக்களை நகருக்கு அழைத்து வரலாம் என்று அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. வீடுகளைக் கட்டுவதையோ அரசே பல ஆண்டுகளாக வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள்.

நகருக்குள் நுழைந்துவிட்டவர்கள் எங்கே வாழ வேண்டும் என்பதை 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் முடிவு செய்தது. இனத்துக்கு ஒரு குடியிருப்பு. இடையே தண்டவாளம், தொழிற்பேட்டை, சுரங்க மண்மேடு அல்லது வெற்றுநிலம். ஜோகனஸ்பர்க்கின் விளிம்பில் கறுப்பினத்தவருக்கென உருவாக்கப்பட்ட சோவெட்டோவில் இருக்கும் ஆர்லாண்டோ அனல் மின்நிலையம் ஜோகனஸ்பர்க் நகருக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அதன் புகையைச் சுவாசித்த சுற்றுப்புற வீடுகளில் பெரும்பாலானவற்றில் மெழுகுவத்தியும் நிலக்கரி அடுப்பும்தான் எரிந்தன. அதன் குளிரூட்டும் கோபுரங்களுக்கு இப்போது வண்ண ஓவியம் தீட்டி, அவற்றிலிருந்து சுற்றுலாப் பயணிகளைக் கயிறு கட்டிக் குதிக்கவிடுகிறார்கள். தமிழர்களும் இதில் தப்பவில்லை. டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் என்ற குடியிருப்பு காலி செய்யப்பட்டு, அவர்கள் நகரின் தெற்கே புதிதாகக் கட்டப்பட்ட சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சாட்ஸ்வர்த்தும் வெள்ளையர் பகுதிகளுக்கும் உம்லாசி என்ற கறுப்பினக் குடியிருப்புக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்போல வைக்கப்பட்டது. உங்கள் உறவினர் யாராவது அங்கிருந்தால், குடும்பம் எந்த ஆண்டு இடம் மாற்றப்பட்டது என்று கேட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

நகர நுழைவுக் கட்டுப்பாடு 1986-இலும், குழுப் பகுதிகள் சட்டம் 1991-இலும் நீக்கப்பட்டன. 1994-இல் ஆட்சியே மாறியது.

இங்கேதான் எதிர்பாராத திருப்பம். புதிய மக்களாட்சி அரசு ஏழைகளுக்கு முப்பது லட்சத்துக்கும் அதிகமான வீடுகளை மானியத்தில் கட்டிக் கொடுத்தது. எந்த நாட்டோடு ஒப்பிட்டாலும் இது பெரிய சாதனை. ஆனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று தொகை வரையறுக்கப்பட்டிருந்ததால், மலிவான நிலத்தைத் தேட வேண்டியிருந்தது. மலிவான நிலமோ நிறவெறி ஆட்சி மக்களைத் தள்ளிவைத்த அதே நகர விளிம்பில்தான் கிடைத்தது. ஆகவே பழைய அரசு சட்டத்தால் உண்டாக்கிய தூரத்தைப் புதிய அரசு நல்லெண்ணத்தோடு நீட்டித்துவிட்டது. இலவச வீட்டைப் பெற்றவர், நகருக்குப் போய்வரும் மினிபஸ் டாக்சிக்குச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்தார்.

இதன் உச்சத்தைக் காண நிர்வாகத் தலைநகரான பிரிட்டோரியாவுக்கு வடகிழக்கே, முன்னாள் குவாண்டபெலே தாயகப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கிருந்து தொழிலாளர்கள் அதிகாலை மூன்று மணிக்கு முன்பே பேருந்து ஏறி, ஒரு வழிக்கே இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து நகருக்கு வேலைக்கு வந்தார்கள். இவர்கள் நகரில் குடியேறிவிடக் கூடாது என்பதற்காகவே நிறவெறி அரசு பேருந்துக் கட்டணத்துக்கு மானியம் கொடுத்தது. அந்தப் பேருந்துகள் ஓடிய மொலோட்டோ சாலையில் இன்றும் மானியப் பேருந்துகள் ஓடுகின்றன. அங்கே ரயில் பாதை அமைக்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் பேச்சிலேயே இருக்கிறது. மானியத்தை நிறுத்தினால் தொழிலாளர்கள் மறுநாளே வேலைக்கு வர முடியாது. தொடர்ந்து கொடுத்தால், நகருக்குள் வீடு கட்டச் செலவாகியிருக்கக்கூடிய பணம் டீசலாகக் கரைகிறது. நீங்கள் போக்குவரத்து அமைச்சராக இருந்தால் எதைச் செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.