சாம்பல் விழும் ஊரும் பரிசல் நிற்கும் நாளும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். புவியியல் ஆசிரியருக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பிள்ளைகள் மணிக்கணக்காகச் சுற்றி வருகிற கற்பனை நாடுகளில் சில, உண்மையான நிலத்தைப் பார்த்து வரையப்பட்டவை. அப்படி ஒரு நாட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் ஹோயென்.

2002 நவம்பரில் ஜப்பானில் போகிமான் ரூபி, போகிமான் சஃபையர் என்று இரண்டு விளையாட்டுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. நின்டெண்டோ நிறுவனத்தின் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் ஆடுவது. இரண்டு கதையும் நடப்பது ஹோயெனில். அவற்றை இயக்கிய ஜூனிச்சி மசுடா, சிறு வயதில் கோடை விடுமுறைகளைக் கியூஷூ தீவில் கழித்தவர். ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது அது. ஹோயென் அந்தக் கியூஷூதான்.

வீட்டில் அட்லஸ் இருந்தால் கியூஷூ படத்தைப் பிரித்து, இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். வடக்கு மேற்காகிவிடும், தெற்கு கிழக்காகிவிடும். அதுதான் ஹோயெனின் வரைபடம். தெற்கே ஒகினாவா வரை சிதறிக் கிடக்கிற தீவுகளும் கடலும் விளையாட்டில் கிழக்கே வந்து சேர்கின்றன. ஏன் திருப்பினார்கள்? எனக்குத் தோன்றுவது, அந்தக் கருவியின் திரை உயரத்தைவிட அகலம் கூடியது. நெட்டையான தீவைப் படுக்கப் போட்டால் திரைக்குள் வாகாக அடங்கும்.

சரி, கரையோரம் ஒத்துப்போவதோடு நின்றிருந்தால் இதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. என்னைக் கட்டிப்போட்டது சாம்பல்.

கியூஷூவின் தென்கோடியில் ககோஷிமா என்றொரு நகரம். சுமார் 6 லட்சம் பேர் வாழ்கிறார்கள். எதிரே நாலு கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் சகுராஜிமா எரிமலை. படகில் கால்மணி நேரம். 1914இல் அது வெடித்தபோது வழிந்த குழம்பு கடலையே தூர்த்துவிட்டது, தீவாக இருந்தது மறுகரையோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அது அடிக்கடி புகைகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஊருக்குச் சாம்பல். அதனால் அங்கே வானிலைச் செய்தியில் மழை, வெயிலோடு எரிமலை மேல் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதையும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் துணி காயப்போடுவது. வாசலில் சேர்கிற சாம்பலை அள்ளிப் போட நகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது. நிரப்பி, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். சகுராஜிமாப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு போகிறார்கள். இறந்தவர்களின் கல்லறை மேலும் சாம்பல் படியக் கூடாதென்று கூரை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஹோயெனுக்கு வருவோம். எரிமலைக்குப் பக்கத்தில் 113ஆம் எண் சாலை. அங்கே வானத்திலிருந்து சாம்பல் விழுந்துகொண்டே இருக்கும். புல்லெல்லாம் சாம்பல் மூடிக் கிடக்கும். நீங்கள் நடக்க நடக்க, கால் பட்ட புல்லில் சாம்பல் உதிர்ந்து பச்சை தெரியும். அந்தச் சாலையில் கண்ணாடி ஊதுகிற ஒருவரின் பட்டறை இருக்கிறது. அவர் உங்கள் கையில் ஒரு பையைக் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு சாம்பல் புல்லில் நடந்தால் பை நிரம்பும். 250 எட்டு நடந்து சேர்த்த சாம்பலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீல நிறத்தில் ஒரு கண்ணாடிப் புல்லாங்குழல் செய்து தருவார். அதை ஊதினால் தூங்கிப்போன போகிமான், அதாவது ஆட்டத்தில் உங்களோடு வருகிற கற்பனைப் பிராணி, எழுந்துவிடும்.

ககோஷிமாவில் வீட்டுக்கு வீடு இருக்கிற சாம்பல் பை இங்கே விளையாடுகிறவர் கைக்கு வந்துவிட்டது, பாருங்கள். எரிமலையைப் பின்னணியில் அழகாக வரைந்து வைப்பது யாருக்கும் வரும். அதன் கீழே குடியிருப்பவர் காலையில் எழுந்ததும் செய்கிற வேலையைக் கவனித்து, அதையே ஆட்டத்தின் விதியாக்கியது பெரிய காரியம். நிலத்தை இவ்வளவு மரியாதையோடு பார்த்தவர்களை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

இன்னும் உண்டு. கியூஷூவின் இபுசுகி கடற்கரையில் சூடான மணலில் கழுத்துவரை புதைந்து கிடப்பது பழைய வைத்தியம், ஹோயெனின் வெந்நீர் ஊற்று ஊரிலும் பாட்டிகள் அப்படியே மணலில் படுத்திருப்பார்கள். ராக்கெட் ஏவுகிற தானெகாஷிமா தீவு விண்வெளி மையம் உள்ள தீவாக வருகிறது. நடுக் கியூஷூவில் ஆசோ எரிமலையின் பள்ளம் தெற்கு வடக்காக 25 கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் ஊர்கள், நெல் வயல்கள், ரயில் பாதை எல்லாம் உண்டு. ஹோயெனிலும் எரிமலை வாய்க்குள் ஒரு முழு நகரம் இருக்கிறது.

அப்புறம் கதை. ஹோயெனில் இரண்டு கூட்டங்கள். ஒன்று நிலத்தைப் பெருக்க வேண்டும் என்கிறது, இன்னொன்று கடலைப் பெருக்க வேண்டும் என்கிறது. குழந்தைக் கதை மாதிரி தெரியும். ஆனால் இதே கியூஷூவில், நாகசாகி மாகாணத்து இசஹாயா விரிகுடாவில், விளைநிலம் உண்டாக்கவும் வெள்ளத்தைத் தடுக்கவும் 7 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டி 1997 ஏப்ரலில் கடலை அடைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பக்கத்துக் கடற்பாசி விளைச்சல் விழுந்தது. மதகைத் திற என்று மீனவர்கள் வழக்குப் போட்டார்கள், திறக்காதே என்று உள்ளே பயிர் வைத்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். விளையாட்டுக் கதை அதிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டு ஆடினால் அந்த இரண்டு கூட்டங்களும் வேறு மாதிரி தெரிகின்றன, அவ்வளவுதான்.

பிறகு இந்தப் போகிமான் வரிசை ஜப்பானைத் தாண்டி வேறு நிலங்களைப் பார்த்து வரைந்தது. 2010இல் நியூயார்க், 2013இல் பிரான்ஸ், 2016இல் ஹவாய், 2019இல் பிரிட்டன், 2022இல் ஸ்பெயின் பக்கம். இந்திய மண்ணை வைத்து இதுவரை ஒன்றுகூட வரவில்லை. அவர்கள் வரட்டும் என்று நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

வகுப்பில் ஒருநாள், நம்ம பக்கத்தை வைத்து ஒரு விளையாட்டு செய்தால் எதை வைப்பீர்கள் என்று கேட்டேன். "ஒகேனக்கல் அருவி சார்" என்றுதான் முதலில் குரல் வந்தது. அருவியை வைக்கலாம். ஆனால் அருவியை மட்டும் வைத்தால் அது வெறும் படம்.

நம் வானொலிச் செய்தியில் மழைக்காலம் வந்தால் ஒரு வரி தவறாமல் வரும்: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டுகிறது, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்புகின்றன, உபரி நீரைத் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவுக்கு வரும்போது மத்திய நீர்வளத் துறையின் ஆட்கள் அளக்கிறார்கள். அளவு ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுகிறது. கோத்திக்கல் துறையில் பரிசல்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். பரிசல்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மீன் வறுக்கிற அம்மா எல்லோருக்கும் அன்று பிழைப்பு இல்லை. 2 லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகளில் ஐந்தருவியே கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிப்போகும். இங்கே சொட்டு மழை இருக்காது, வெயில் காயும். எங்கோ பெய்த மழை நம் ஊரில் ஒருவர் துடுப்பைக் கீழே வைக்கச் செய்கிறது. ககோஷிமாக்காரர் காற்றின் திசையைக் கேட்டு நாளைத் தொடங்குவது போலத்தான் ஒகேனக்கல் பக்கத்து ஊட்டமலைக்காரர் கன அடியைக் கேட்டுத் தொடங்குகிறார். இது விளையாட்டின் விதி ஆகட்டும்: மேலே எந்த அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் பரிசல் அக்கரை சேரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் கிணற்றிலும் போர்வெல்லிலும் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் கூடினால் எலும்பையே பாதிக்கும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஒரு விளையாட்டில் ஊருக்கு ஊர் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொண்டே போக வேண்டும் என்று வைத்தால், பாறையைப் பற்றி நான் ஒரு வருடம் நடத்துகிற பாடத்தைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ராகி முற்றுகிற பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை யானைக் கூட்டம் வருவதையும், அன்றிரவு எந்த ஊர் வெளியே வரக் கூடாது என்று வனத்துறை அறிவிப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஓசூரிலும் தருமபுரியிலும் கணினி படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நிரல் எழுத உட்காரும் முன் ஒன்று செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பிலிகுண்டுலு நீர்வரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே அன்று பரிசல் ஓடியதா இல்லையா என்று எழுதுங்கள். ஓடாத ஒரு நாளில் ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பரிசல்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், எத்தனை ஆயிரம் கன அடியில் எந்தப் பாறை மறையும் என்று கேளுங்கள். சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.