வெள்ளைக் கன்னத்தில் ஒட்டும் கரி

நேயர்களுக்கு வணக்கம்.

1605ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி இரவு, லண்டன் வைட்ஹால் அரண்மனை. ஆறு மாதக் கர்ப்பிணியான இங்கிலாந்து அரசி ஆன், முகத்திலும் முழங்கை வரையிலும் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு அவையோர் முன்னால் ஆடினார். அதே பூச்சோடு கூட ஆடியவர்கள் பிரபு குலப் பெண்கள் பதினோரு பேர். பென் ஜான்சன் எழுத, இனிகோ ஜோன்ஸ் காட்சியமைத்த ‘தி மாஸ்க் ஆஃப் பிளாக்னஸ்’ என்ற அரசவைக் கூத்து அது. நைஜர் நதியின் மகள்கள் பன்னிரண்டு பேர் பிரிட்டனைத் தேடி வருகிறார்கள். அந்த நாட்டு மன்னன் என்ற சூரியனின் ஒளி பட்டால் அவர்கள் வெளுத்துவிடுவார்கள். கதை இவ்வளவுதான்.

இந்தக் கூத்தைப் பற்றிக் கடிதம் எழுதிய டட்லி கார்ல்டன் என்பவருக்கு அந்தப் பூச்சு பிடிக்கவே இல்லை. எல்லோரும் போடும் முகமூடியைப் போடாமல் தோலிலேயே பூசிவிட்டார்களே என்று குறைப்படுகிறார். ஸ்பானியத் தூதர் அரசியின் கையில் முத்தமிட்டபோது அவர் உதட்டில் கறை ஒட்டியிருக்கலாம் என்றும் எழுதுகிறார்.

கதையில் வரும் பெண்கள் வெளுக்க வேண்டும். ஆனால் அன்றிரவு மேடையில் யாரும் வெளுக்கவில்லை. பூசிய சாயத்தை ஆட்டத்தின் நடுவில் துடைத்தெடுக்க முடியாது. அவர்கள் வெளுத்து வந்து நிற்பது 1608 ஜனவரியில் ஆடிய அடுத்த கூத்தில்தான். ஒரே ஆட்டத்துக்குள் களையக்கூடிய களிம்பு 1621இல் ஜான்சனின் ஜிப்சிக் கூத்தில் வருகிறது. அந்தக் களிம்பைச் செய்து கொடுத்தவர் பெயரையே ஜான்சன் முடிவுரையில் சேர்த்துவிட்டார்.

அரசி ஆடியதற்கு 66 நாள் முன்பு, 1604 நவம்பர் 1ஆம் தேதி, இதே வைட்ஹாலில் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நடந்திருக்கிறது. அந்த நாடகம் நடந்ததாக நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பதிவு அதுதான். வெனிஸ் நகரின் கறுப்பினப் படைத்தலைவன் ஒதெல்லோ, இயாகோ என்ற கீழதிகாரியின் பொய்யை நம்பி, பொறாமையால் தன் வெள்ளை மனைவி டெஸ்டிமோனாவைக் கொல்லும் கதை அது. ஒதெல்லோ வேடம் ஷேக்ஸ்பியர் குழுவின் முதன்மை நடிகர் ரிச்சர்ட் பர்பேஜுக்கு உரியது, அவர் வெள்ளைக்காரர். டெஸ்டிமோனாவாக நடித்தது ஒரு பையன். அந்தக் கால மேடையில் பெண் வேடமெல்லாம் பையன்களுக்குத்தான்.

இந்த நாடகத்தை வகுப்பில் படிக்கும்போது கறுப்பும் வெள்ளையும் நமக்கு உவமையாகத் தெரிகின்றன. மேடையில் இருப்பவருக்கோ அவை கையில் ஒட்டும் பொருள்கள். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

‘ஒதெல்லோ’வுக்கு முந்தைய காலத்தில் மேடையில் கறுப்பைக் காட்டத் துணி போதுமானதாக இருந்தது: கறுப்பு வெல்வெட் முகமூடி, கறுப்புக் கையுறை, காலுறை. போடுவதும் கழற்றுவதும் நொடிக் காரியம். ஆனால் துணிக்குப் பின்னால் முகம் அசைவது தெரியாது. நடனத்துக்கு அது சரி. பொறாமை படிப்படியாக ஏறும் முகத்தைக் காட்ட வேண்டிய ஒதெல்லோவுக்கு ஆகாது. அதனால் பூச்சு. கார்க்கைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்துக் குழைத்துப் பூசுவது பின்னாளில் வெகுவாகப் பரவிய முறை. தண்ணீரில் குழைத்தால் காய்ந்து பிடிக்கும், வியர்த்தால் கோடு கோடாக வழியும். எண்ணெயோ கொழுப்போ சேர்த்தால் வியர்வைக்குத் தாங்கும். ஆனால் தொட்ட இடமெல்லாம் ஒட்டும்.

இப்போது நாடகத்தின் வரிகளுக்கு வாருங்கள். மூன்றாம் அங்கத்தில், நிலவுத் தேவதை முகம்போல் மாசற்றிருந்த பெயர் தன் முகம்போலவே கரி படிந்து கறுத்துவிட்டது என்கிறான் ஒதெல்லோ. கடைசிக் காட்சியில், பனியைவிட வெளுத்த அவள் தோலில் தழும்பு விழவிட மாட்டேன் என்கிறான். சொல்லிவிட்டு முத்தமிடுகிறான். பூச்சுக்காரன் முத்தமிட்டால் என்ன ஆகும்? வெள்ளை தீட்டிய பையனின் கன்னத்தில் கரி ஒட்டும். ‘கரி படிந்த’ என்ற சொல்லைத் தேர்ந்தவர் நடிகர்களோடு அன்றாடம் பழகியவர். பூச்சு எப்படி ஒட்டும் என்பது தெரிந்தே அந்த வரியை எழுதினார் என்றுதான் நான் படிக்கிறேன்.

ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்கு முதல் பரிசாகக் கொடுத்த கைக்குட்டையைப் பாருங்கள். ஸ்ட்ராபெரிப் பழங்கள் தைத்த வெள்ளைத் துணி என்று எல்லாரும் வைத்துக்கொள்கிறோம். நாடகத்தில் அது வெள்ளை என்று எங்கும் இல்லை. ‘மம்மி’யில் சாயமேற்றியது என்றுதான் இருக்கிறது. பதப்படுத்திய சடலங்களிலிருந்து எடுத்த கருமையான பொருள் அது. ஆய்வாளர் இயன் ஸ்மித் இதைக் காட்டி, அந்தக் கைக்குட்டை கறுப்பு என்று வாதிட்டார். எனக்கு அது சரியென்று படுகிறது. கறுப்புத் துணி என்றால், ஒதெல்லோ அவளுக்குக் கொடுத்தது தன் நிறத்தையே. அதைத்தான் அவள் கைதவற விடுகிறாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வார்த்தை. முதல் அங்கத்தில் வெனிஸ் அதிபர் டெஸ்டிமோனாவின் தந்தையிடம், உம் மருமகன் கறுப்பைவிட ‘ஃபேர்’தான் அதிகம் என்கிறார். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் அழகு, வெளுப்பு, நேர்மை மூன்றும் அடக்கம். தமிழில் ‘கறுப்பனைவிட அழகன்’ என்று எழுதினால் காது ஏற்காது. ‘மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ’ என்று கருநிறத்தை அழகாகவே பாடிய கம்பனின் மொழி இது. ‘வெள்ளை மனசுக்காரர்’ என்று போட்டுப் பாருங்கள். பாராட்டும் வரும், அதற்குள் ஒளிந்திருக்கும் நிறத் தராசும் வரும். சூதறியாமல் இயாகோவை நம்பும் ஆளுக்கு அந்தப் பட்டம் பொருந்தவும் செய்கிறது.

பூச்சுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1814இல் ஆங்கில நடிகர் எட்மண்ட் கீன் ஒதெல்லோ வேடத்துக்குக் கறுப்பை விட்டு வெளிர்பழுப்புக்கு மாறினார். 1833 மார்ச் 25, கோவென்ட் கார்டன் மேடையில் ஒதெல்லோவாக நடிக்கும்போதே சரிந்து விழுந்தார்; மே மாதம் காலமானார். ஏப்ரலில் அதே மேடையில் ஒதெல்லோவாக வந்தவர் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். லண்டன் பத்திரிகைகள் சில அவரை இனத்தின் பேரால் தாக்கின. இரண்டே ஆட்டத்தோடு அது நின்றது. அவர் ஐரோப்பா முழுவதும் ஆடி, 1867இல் போலந்தின் வூட்ஜ் நகரில் இறந்தார். லியர், மேக்பெத், ஷைலாக் வேடங்களுக்கு அவர் வெள்ளைப் பூச்சுப் போட்டார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளையும் பூசி வருகிற நிறம்தான் என்பதை மேடையில் நிரூபித்தவர் அவர்.

1848இல் கல்கத்தா சான் சூசி அரங்கில் பைஷ்ணவ் சரண் ஆடி என்ற வங்காளி, ஆங்கில நடிகர்கள் நடுவே ஒதெல்லோவாக நின்றிருக்கிறார்.

1943இல் கறுப்பின நடிகர் பால் ரோப்சன் நியூயார்க்கின் பிராட்வேயில் ஒதெல்லோவாக 296 காட்சிகள் ஆடினார். அதற்கு இருபது ஆண்டு கழித்தும் பூச்சு போகவில்லை. 1964இல் ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அந்த வேடத்துக்கு முதலில் உடம்பெங்கும் கறுப்பு, அதன்மேல் இரண்டு பழுப்புச் சாயங்கள், பிறகு அரை கெஜம் ஷிஃபான் துணியால் பளபளக்கத் தேய்ப்பு என்று ஒப்பனை செய்தார். திறமையான கைவேலை. ஆனால் அது காட்டியது ஒரு வெள்ளைக்காரரின் கற்பனையை.

பூச்சு போனதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கறுப்பு நடிகர் ஒருவர் மனைவியைக் கொல்லும் கோபக்காரனாக நின்றால், அந்த இனமே அப்படித்தான் என்று பார்வையாளர் எடுத்துக்கொள்ளக்கூடும். கறுப்பின நடிகர் ஹ்யூ குவார்ஷி 1998இலேயே இந்தக் கேள்வியை எழுப்பினார். 2015இல் அவரே அந்த வேடத்தை ஏற்றபோது, இயாகோவாக நடித்த லூசியன் எம்சமாட்டியும் கறுப்பினத்தவர். மேடையில் கறுப்பு ஒரே ஆளின் மேல் ஒட்டியிருக்கவில்லை. இதுவரை கண்ட வழிகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நம் கல்லூரி மேடைகளில் இந்நாடகத்தைப் போடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாநிறப் பையனுக்குக் கரி பூசாதீர்கள். அந்நியன் என்பதைச் சேனைத் தோல்வார், நடை, பேச்சின் வேகம் ஆகியவற்றில் காட்டலாம். கடைசிக் காட்சியின் படுக்கை விரிப்பைக் கடையில் வாங்கிய பளீர் வெள்ளையாகவே விடாதீர்கள். ஒளி முழுவதையும் அது திருப்பி அடிக்கும்; பக்கத்தில் இருக்கும் கருமுகம் இருண்டு தெரியும். கெட்டித் தேயிலை டிகாஷனில் முக்கி உலர்த்தினால் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு வெள்ளையாகவே இருக்கும், கண்ணைக் கூசாது. முதலில் ஒரு துண்டை முக்கிக் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் வெளிறும்.

கடைசிக் காட்சிக்கு நிலவொளி என்று நீல விளக்கை மேடை முழுக்கக் கொட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. நீலத்தில் பழுப்புத் தோல் சாம்பலாகிவிடும், கண்ணும் வாயும் மறைந்துபோகும். முகத்தின் உயரத்தில் இரு பக்கமிருந்தும் இளமஞ்சள் ஒளி கொடுங்கள். ஒதெல்லோ கையில் விளக்கோடுதான் உள்ளே வருகிறான். அந்த விளக்கு அவன் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. தூங்குகிறவளை எட்டும் முன்னே அதன் வெளிச்சம் அவன் முகத்தில்தான் விழும். அவன் கட்டிலை நெருங்கும் வரை வேறு விளக்கு எதையும் ஏற்றாதீர்கள்.

வணக்கம்.