நேற்றைய காபிச் சக்கை

திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை

அவையோருக்கு வணக்கம்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும், என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து, “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போகார்ட் நடித்திருந்தால் இது வேறு படம்” என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். ஏனென்றால், இப்போது நாம் பார்த்த இந்த ‘ஹார்ப்பர்’ 1966 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியானபோது விமர்சகர்கள் பலர் எழுதியதும் ஏறக்குறைய இதுவேதான். துப்பறிவாளர் ஹார்ப்பராக வரும் பால் நியூமன் அழகாக இருக்கிறார், படம் விறுவிறுப்பாகப் போகிறது, ஆனாலும் ஹம்ஃப்ரி போகார்ட் துப்பறிவாளராக நடித்த நாற்பதுகளின் படங்கள் முன்னால் இது நிற்காது என்றார்கள். மக்களோ திரளாக வந்து பார்த்து அதை வெற்றிப்படம் ஆக்கினார்கள்.

விமர்சகர்கள் கையில் இருந்த அளவுகோல் பழையது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அந்த ஒப்பீட்டை வரவழைத்தது இந்தப் படமேதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1946இல் ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘தி பிக் ஸ்லீப்’ படத்தில், போகார்ட் நடித்த துப்பறிவாளர் ஒரு பணக்கார வீட்டுக்கு வருகிறார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி முதியவர் ஒருவர் வேலையை ஒப்படைக்கிறார். அவருடைய மகளாக நடித்தவர் லாரன் பகால். இருபது ஆண்டுகள் கழித்து ‘ஹார்ப்பர்’ படத்திலும் துப்பறிவாளர் ஒரு பணக்கார வீட்டுக்கு வருகிறார். இப்போது சக்கர நாற்காலியில் இருப்பவரே லாரன் பகால்! கணவர் காணாமல் போய்விட்டார், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். அந்தக் குரலில் கவலை துளியும் இல்லை. கணவரை விட ஒரு நாளாவது கூடுதலாக வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் ஆசை. பழைய படத்தின் முதியவரிடம் நோயும் தளர்ச்சியும் இருந்தன, கூடவே ஒரு கண்ணியமும் இருந்தது. இங்கே அந்தக் கண்ணியம் போய்விட்டது, நாற்காலி மட்டும் மிச்சம். இதைப் போலி என்று எப்படிச் சொல்வது? பழைய படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுகளில் நாம் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் பாருங்கள் என்று காட்டுகிறது.

கதையின் மூலம் ராஸ் மெக்டொனால்ட் 1949இல் எழுதிய ‘தி மூவிங் டார்கெட்’ நாவல். அதில் துப்பறிவாளர் பெயர் லூ ஆர்ச்சர். படத்தில் லூ ஹார்ப்பர் ஆகிவிட்டார். ‘தி ஹஸ்ட்லர்’, ‘ஹட்’ என்று ஆங்கில எச் எழுத்தில் தொடங்கிய படங்கள் நியூமனுக்குக் கைகொடுத்ததால் பெயரை மாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மன் சொன்ன காரணம் வேறு. ஒன்றையே பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டு நச்சரிப்பவர் என்ற பொருள் அந்தப் பெயருக்குள் இருக்கிறது, அவர் பிழைப்பே அதுதானே என்றார். எனக்கு இந்தக் காரணம்தான் பிடித்திருக்கிறது.

இனி அந்தக் காபிக்கு வருகிறேன். நான் பேச ஒப்புக்கொண்டதே அந்தக் காபிக்காகத்தான்.

ஹார்ப்பர் கண் விழிக்கிறார். இரவு முழுவதும் அணைக்காமல் விட்ட தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகமும் வீடும் ஒரே அறை. தொட்டியில் பனிக்கட்டிகளைக் கொட்டி முகத்தை முக்கி எடுக்கிறார். காபி போட வெந்நீர் தயார், வடிதாளும் தயார். டப்பாவைத் திறந்தால் தூள் இல்லை. குப்பைக் கூடையைத் திறந்து பார்க்கிறார். நேற்று வடித்த சக்கை, தாளோடு கிடக்கிறது. ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு எடுக்கிறார், அதிலேயே வெந்நீரை ஊற்றுகிறார், குடிக்கிறார். முகம் கோணுகிறது.

இரண்டாம் டிகாக்‌ஷன் குடித்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அந்த ருசி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் சக்கை ஃபில்டரிலேயே இருக்கும், யாரும் அதைக் குப்பையிலிருந்து எடுப்பதில்லை.

இந்தக் காட்சி முதலில் திரைக்கதையில் இல்லவே இல்லை. ஹார்ப்பர் அந்தப் பெரிய வீட்டுக்கு வந்து சேர்வதில்தான் கோல்ட்மன் கதையைத் தொடங்கியிருந்தார். பெயர்கள் ஓடும்போது காட்ட ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள், பிறகு எழுதிக் கொடுத்தார். நியூமன் அந்தக் காபியைக் குடித்து முகம் சுளித்தபோது அரங்கம் சிரித்தது, அந்த நொடியிலிருந்து பார்வையாளர்கள் அவர் பக்கம் வந்துவிட்டார்கள் என்று பின்னாளில் கோல்ட்மனே எழுதினார். போகார்ட் நடித்த துப்பறிவாளர்களிடம் பணம் இருக்காது, கசப்பு இருக்கும். ஆனால் காலையில் எழுந்து அவர்கள் என்ன குடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. கசப்பு அவர்களுக்கு அழகாகப் பொருந்திய ஒரு சட்டை. ஹார்ப்பருக்கோ அது வயிற்றுக்குள் இறங்கும் கசப்பு. மக்கள் சட்டென்று புரிந்துகொண்டது இதைத்தான் என்பது என் எண்ணம்.

எனக்கு நெருடும் இடங்களும் இருக்கின்றன. நீச்சல் குளத்தில் குதிப்பதற்கான பலகையில் அந்த வீட்டுப் பெண் ஆடும் காட்சி அன்றைக்கே பழசாகியிருக்கும். ஷெல்லி விண்டர்ஸ் நடித்த, புகழ் மங்கிப்போன நடிகையை ஹார்ப்பர் குடிக்க வைத்துச் செய்தி கறக்கிறார். அந்தப் பெண்ணின் உடலைப் படம் கேலி செய்கிறது. அது கொடுமை. இயக்குநர் ஜேக் ஸ்மைட்டின் கை அங்கே தடித்துவிட்டது.

ஆனால் ஹார்ப்பர் தன் மனைவிக்குச் செய்யும் கொடுமையைப் படம் மறைக்கவில்லை. ஜேனட் லீ நடித்த அந்தப் பாத்திரம் விவாகரத்துக்காகக் காத்திருக்கிறது. அடிபட்டு, களைத்து, ஓர் இரவு ஹார்ப்பர் அவர் வீட்டுக்குப் போகிறார். அவரும் இரங்கி ஏற்றுக்கொள்கிறார். காலையில் அவர் முகத்தில் மகிழ்ச்சி, அடுப்பில் முட்டை. ஹார்ப்பர் கிளம்பத் தயாராகி நிற்கிறார், வழக்கு முடியவில்லையாம். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. வாணலியில் இருக்கும் முட்டைகளின் மஞ்சள் கருவைக் குத்தி உடைக்கிறார். எதையும் நம்பாத மனிதனோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு அந்த உடைந்த கருவே போதும். நாற்பதுகளின் படங்களில் துப்பறிவாளரை மயக்க வரும் பெண்கள் உண்டு. அவர் விட்டுவிட்டு வந்த மனைவியின் சமையலறைக்குள் இப்படி யாரும் நம்மைக் கூட்டிப் போனதாக எனக்கு நினைவில்லை.

கடைசிக் காட்சி. காணாமல் போனவரைக் கொன்றது ஆர்தர் ஹில் நடித்த வழக்கறிஞர் கிரேவ்ஸ். ஹார்ப்பரின் பழைய நண்பர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அடிமட்டம் முழுவதும் நல்லவர்கள்தான், மேலே மிதந்து வருவதெல்லாம் பாலாடையும் அயோக்கியர்களும் என்று சொல்லும் ஹார்ப்பருக்கு, நல்லவர் என்று நம்ப மிச்சமிருந்த ஒருவர். உள்ளே போய் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன் என்று ஹார்ப்பர் அந்தப் பணக்கார வீட்டை நோக்கி நடக்கிறார். நண்பரின் துப்பாக்கி அவர் முதுகைக் குறிபார்க்கிறது. சுட முடியவில்லை, துப்பாக்கி தாழ்கிறது. ஹார்ப்பரும் நின்று, சலித்துப்போய்க் கைகளை உயர்த்துகிறார். படம் அப்படியே உறைகிறது.

1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் போகார்ட், தான் விரும்பிய பெண்ணையே போலீசிடம் ஒப்படைத்தார். மனம் வலித்தாலும் செய்தார். அன்று ஹாலிவுட்டை ஆண்ட தணிக்கை நெறியும் அதையே கேட்டது: குற்றம் தண்டனை இல்லாமல் போகக் கூடாது. 1934இலிருந்து கறாராக நடைமுறைக்கு வந்த அந்த நெறி, ‘ஹார்ப்பர்’ வந்த காலத்தில் தளர்ந்துகொண்டிருந்தது. 1968 நவம்பரில் அதன் இடத்துக்கு வயதுவாரித் தரப்படுத்தும் முறை வந்தது. அந்தத் தளர்ச்சிக்கு நடுவில்தான் இந்த உறைந்த சட்டகம் நிற்கிறது. பழைய துப்பறிவாளருக்கு எதிலும் நம்பிக்கை இல்லாவிட்டாலும் தன் தொழிலின் விதியில் நம்பிக்கை இருந்தது. ஹார்ப்பருக்கு அந்த விதியிலும் பிடி விட்டுப்போகிறது. அது நட்பால் விடுகிறதா, களைப்பால் விடுகிறதா என்று படம் சொல்ல மறுக்கிறது. போகார்ட்டின் உறுதியைத் தேடியவர்கள் இதைக் குறை என்று நினைத்ததில் வியப்பில்லை. படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்கிறேன் நான்.

பிற்பாடு மற்றவர்களும் இந்த வழியில் வந்தார்கள். 1967இல் ‘டோனி ரோம்’, 1969இல் ‘மார்லோ’, எழுபதுகளில் ‘சைனாடவுன்’. கோல்ட்மனின் திரைக்கதைக்கு அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது கிடைத்தது. 1975இல் நியூமன் மறுபடியும் ஹார்ப்பராக வந்தார், ஆனால் அந்தக் கதை லூசியானாவில் நடக்கிறது. கலிபோர்னியாவில் அந்த வீட்டு வாசலில் கையை உயர்த்தி நின்றவரை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

நான் பலமுறை பார்த்துவிட்டேன். சில நாட்களில் அவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. சில நாட்களில் திரும்பிவந்து நண்பருடன் காரில் ஏறிக்கொண்டார் என்று தோன்றுகிறது. என் பக்கத்து இருக்கை ஐயா, முதலில் நீங்களே எழுந்து சொல்லுங்கள். அவர் உள்ளே போயிருப்பாரா?