தீபாவளி அன்று ஆலையை யார் ஓட்டுவது?

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். என் வயதுக்காரர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனை எண்ணெய் ஆலையில் தொழிலாளர் நலக் கழகச் செயலாளராம். "மலாய்க்காரர்கள் பெருநாளுக்கு லீவு கேட்கிறார்கள், நம்மவர்கள் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும், சீனர்கள் புத்தாண்டுக்கு. யாருக்குக் கொடுத்தாலும் பாரபட்சம் என்கிறார்கள். ஆளுக்கு இத்தனை நாள் என்று ஒரே விதி போட்டுவிடலாமா?"

போடலாம், ஆனால் பிரச்சினை அங்கே தீராது. நான் ஓர் ஆலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவன். அதே விதியைப் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

2005ஆம் ஆண்டு. தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. ஆலையை அப்படியே பூட்டிவிட முடியாது. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். சரி, ஆளுக்கு ஒரு நாள் என்று நோட்டீஸ் ஒட்டினோம். கணக்கு நேராகத்தான் இருந்தது. பாய்லர் பார்க்க சர்ட்டிபிகேட் உள்ளவர்கள் இரண்டே பேர், ஒருவர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர். அந்தக் கணக்குப்படி நவம்பர் 1 அன்று மலாய்க்காரர் பகல் முழுக்க நோன்போடு பாய்லர் சூட்டில் நிற்க வேண்டும். ஒட்டும்போது இது எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை.

அவர்தான் ஆபீசுக்கு வந்து, "எனக்கு ராத்திரியைக் கொடுங்கள், நோன்பு துறந்துவிட்டு வருகிறேன்" என்றார். தமிழரைக் கேட்டோம். விடியற்காலை எண்ணெய்க் குளியலும் கோயிலும் முடிந்தால் போதும், பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார். காலையில் சில மணி நேரம் ஆலையை நிறுத்திக் கழுவினோம். முந்தின நாள் குலை வெட்டைக் குறைக்கச் சொல்லித் தோட்டத்துக்கும் தகவல் போனது. பெருநாள் அன்று ஆலை தமிழர் கையில். இரண்டு பேருக்கும் எத்தனை நாள் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியமாக இருந்தது. நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது சட்டம். தைப்பூசம் சிலாங்கூரில் பொது விடுமுறை, கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு பொது விடுமுறை 11 நாள். அதில் கட்டாயம் 5: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். கவனியுங்கள், தீபாவளியும் இல்லை, பெருநாளும் இல்லை! மீதி 6 நாளை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன்பே வேலையிடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அந்த ஆறில் எதையும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வேறு நாளுக்கு மாற்றலாம். உங்களுக்கு வழி அங்கேதான் இருக்கிறது, தம்பி. நவம்பரிலேயே மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய் நின்றால் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருக்குத்தான் லீவு கிடைக்கும். பொது விடுமுறையில் வேலைக்கு வருகிறவருக்கு அன்றைய சம்பளத்தோடு மேற்கொண்டு இரண்டு நாள் சம்பளம் உண்டு. இதைச் சொன்னால் சில பேர் தானாகவே முன்வருவார்கள்.

பெருநாளுக்கு மட்டும் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பிறை பார்த்து முந்தின இரவுதான் அறிவிப்பார்கள். 2022இல் மே 3 என்று எல்லோரும் இருக்க, மே 2 என்று அறிவித்துவிட்டார்கள்.

இந்தோனேசியா, வங்காளதேசத் தொழிலாளர்களை இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். "அவர்களுக்கு இங்கே குடும்பமா இருக்கிறது, வேலை பார்க்கட்டும்" என்று எல்லா இனத்தவரும் ஒற்றுமையாகச் சொல்வது அந்த ஒரு விஷயத்தில்தான். அவர்களுக்கு ஒரு நாள் லீவைவிட, ஊருக்குப் போய்வர நாட்களைச் சேர்த்துக் கொடுப்பது உதவும். கேட்டுப் பாருங்கள்.

விருந்துச் சாப்பாடு பற்றியும் கேட்டிருந்தார். ஹலால் சமையல்காரர், மாட்டிறைச்சி வேண்டாம், சைவத்துக்குத் தனி மேசை, தனி கரண்டி. அதில் பெரிய தலைவலி இல்லை.

சரி, அடுத்த கேள்வி கூலிம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.