எழுதாக் கடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். என் கோரிக்கையே அவரிடம்தான் என்பதால் சற்றே பொறுத்தருள வேண்டும்.

தனுஷ்கோடிப் புயல், பாம்பன் பாலம், என் நாவல் பிறந்த கதை என்று மூன்று தலைப்புகளை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். புயலிலிருந்து தொடங்குகிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு. எனக்குப் பத்து வயது. இராமேஸ்வரத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் சீட்டுக்கட்டு போலப் பறந்தன. அம்மா தன் பழைய சேலையைக் கிழித்துத் தங்கையை ஆட்டுக்கல்லோடு சேர்த்துக் கட்டினார். அதே நள்ளிரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்கு அருகில் சிக்னல் கிடைக்காமல் நின்றது. ஊதிப் பார்த்துவிட்டு ஓட்டுநர் மெல்ல நகர்த்தினார். ஆறு பெட்டிகளையும் அலை சுருட்டிக்கொண்டு போனது. பயணிகள் 110, ஊழியர் 5 என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தப்பியவர்கள் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். தனுஷ்கோடியில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வேட்டிக்குள் எதையோ இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பணம் என்று நினைத்தோம். பேரேடு! கடன் கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஓயாமல் சொல்லும் பழமொழி, 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' நனைந்த தாள்களைத் திண்ணையில் பிரித்துப் போட்டு, அரிசி பொறுக்குவது போல ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். உயிரோடு வந்தவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தார். மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். உப்புக்கும் புகையிலைக்கும் ஒன்பது ரூபாய் பாக்கி, இரண்டு வருடமாக 'நான் வாங்கவே இல்லை' என்று சாதித்தவர். குனிந்து நின்று, 'அண்ணாச்சி, என் பெயர் அதில் இருக்கிறதா? என் பெண்டாட்டி பெயரும் பார்த்துச் சொல்லுங்கள்' என்றார். அண்ணாச்சி பார்த்தார். அவர் பெயருக்குப் புள்ளி வைத்தார். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. வந்தவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஈரமான ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினார். அண்ணாச்சி வாங்கவில்லை. பேரேட்டையும் மூடவில்லை.

அந்த ஊரில் செத்தவர்களுக்கு நான் பார்த்த ஒரே பட்டியல் அந்தக் கடன் பேரேடுதான். மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு தனுஷ்கோடியை அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், எடுக்கட்டும். அங்கே யார் சங்கு விற்றார், யார் மணியடித்தார், யார் வீட்டில் அன்று பிள்ளை பிறந்தது என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஊர் மக்களின் பெயரை எழுதி வைக்கும் ஊர்ப் பேரேடு ஒன்று வேண்டும் என்று பத்து வருடமாக மனுக் கொடுத்து வருகிறேன். நகர்மன்றத் தலைவர் அவர்களே, உங்களிடம் என் கோரிக்கையும் இதுதான். நூலக அலுவலர் ஐயா புன்னகைக்கிறார், அந்த மனுக்களில் நான்கு அவர் மேசையில்தான் இருக்கின்றன.

பாலத்தையும் நாவலையும் பேச நேரமில்லை. வாசலில் 200 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் பாட்டி சொன்ன பெயர் ஒன்றாவது எழுதிவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் பேனா மட்டும் போய்விட்டது.