வாய் தைக்காத நரி

நேயர்களுக்கு வணக்கம். நான் துணிப் பொம்மை தைப்பவள். கையோடு ஒரு நரியைக் கொண்டுவந்திருக்கிறேன். வானொலியில் காட்ட முடியாது, சொல்கிறேன்.

நாய்களுக்குப் பயந்து ஓடி, சாயக்காரர் வீட்டுத் தொட்டியில் விழுந்து, நீலமாய் எழுந்து, காட்டுக்கே ராஜாவான நரியை உங்களுக்குத் தெரியும். ராஜாவானதும் தன் இனத்து நரிகளைத் துரத்தியது. ஒருநாள் தூரத்தில் அவை ஊளையிட, தன்னை மறந்து தானும் ஊளையிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில், அதாவது வரிசை வீட்டுத் திண்ணையில், பாட்டி இந்த இடத்துக்கு வந்ததும் அடுத்த காம்பராப் பிள்ளைகளும் சேர்ந்து ஊளையிடுவோம்.

பஞ்சதந்திரத்து நரிகள் வெகுதூரம் போனவை. 8ஆம் நூற்றாண்டில் அந்தக் கதைகள் அரபிக்குப் போனபோது, கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகளின் பெயரே கலீலா, திம்னா என்று மாறி நூலின் பெயராயிற்று. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவின் ஓவியர்கள் அவற்றைச் சுவடிகளில் வரைந்தார்கள். தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்தபோது நரிக்கதைகளும் கூட நடந்து வந்தன.

என் நரிக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். தேயிலையைக் கொதிக்கவைத்து, துணியை இரவு முழுக்க ஊறப்போட்டால் நரியின் பழுப்பு வந்துவிடும். நாம் குடிப்பதையே சாயத்தண்ணி என்கிறோம் அல்லவா! அதில் நான்கு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டால் தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருஞ்சாம்பல் நிறமாகும். அது வால் நுனிக்கு. நீலத்துக்கு ஒரு பழைய சேலை.

பழுப்பு நரி ஒன்று, நீல நரி ஒன்று. தனித்தனியே பை போலத் தைத்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, வாயோரத்தில் மட்டும் சேர்க்கிறேன். பஞ்சு அடைப்பதில்லை. வாய்க்குள் விரலை விட்டு இழுத்தால் உள்ளிருக்கும் நரி வெளியே வரும். காதுகள்தாம் அடம்பிடிக்கும், ஈர்க்குக் குச்சியால் மெல்லத் தள்ள வேண்டும்.

ஏமாற்றினால் மாட்டிக்கொள்வாய் என்று இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நீலத்தை வைத்து அது பிழைத்துக்கொண்டது சாமர்த்தியம். தன் ஆட்களைத் துரத்தியதுதான் குற்றம். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த இரண்டு வருடமும், ஊர் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'கண்டிப் பக்கம்' என்றே சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு மாசியில் ஊருக்கு வந்தபோது, தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பிப் போன வாரமே கடையில் ஒருவர் ஊர் கேட்டார். தோட்டத்தின் பெயரை, அதில் எந்தப் பிரிவு என்ற டிவிஷனோடு சொன்னேன்.

போன மாதம் என்னிடம் தைக்கப் பழகும் சிறுமி ஒருத்தி, "வாயையும் தைத்துவிடலாமே அக்கா, இல்லாவிட்டால் பிரிந்துபோகுமே" என்றாள். பதில் சொல்லாமல் நரியை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். நீலம் உள்ளே போயிற்று. பழுப்புக் காது ஒன்று வெளியே எட்டிப் பார்த்ததும், நான் எதுவும் சொல்வதற்கு முன் அவளே ஊளையிட்டாள்.